உம் கொட்டியவள்

புத்தகத்தின் பக்க மூலையை மடித்து வைக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஒரு பஸ் டிக்கெட்டை வைக்கலாம், ஒரு துண்டு நூலை வைக்கலாம், எதுவும் கிடைக்காவிட்டால் பக்க எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளலாம். மடித்த தாள் நிமிர்ந்தாலும் கோடு போகாது. நான் இதுவரை ஒரு புத்தகத்தையும் மடித்ததில்லை, அடிக்கோடு போட்டதில்லை, ஈரக் கையால் தொட்டதில்லை. பல்கலைக்கழக நூலகரைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்.

நீங்கள் கேட்டது இதையல்ல என்று தெரியும் மேடம். "ஆரம்பத்துல இருந்து சொல்லும்மா, அவசரமே இல்ல" என்றீர்கள். என் ஆரம்பம் புத்தகம்தான். அதனால் அங்கிருந்தே வருகிறேன். எழுதிக்கொள்கிறவரும் நிதானமாக எழுதட்டும். நான் நிறுத்தி நிறுத்தித்தான் பேசுவேன்.

எங்கள் வீட்டில் புத்தகம் என்று ஒன்று இருந்ததில்லை. அம்மா ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கே போய், அவள் வேலை முடியும்வரை காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருப்பேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆட்கள், உள்ளேயிருந்து வரும் இயந்திரச் சத்தம், நடுவில் பழைய வார இதழ்களோடு நான். தொடர்கதைகளை அங்கேதான் படித்தேன். ஒரு வாரத்து இதழ் இருக்கும், அடுத்த வாரத்தது இருக்காது. இருப்பதிலும் யாராவது ஏதோ ஒரு விளம்பரத்துக்காகப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போயிருப்பார்கள். கதாநாயகி கதவைத் திறப்பாள், அதோடு சரி. வெளியே யார் நின்றார் என்று தெரியாது. அம்மாவிடம் கேட்டால், "இல்லாததை நீயே நினைச்சுக்கோ, என் உயிரை வாங்காதே" என்பாள். நினைத்துக்கொண்டேன். வெகு நாட்கள் கழித்து அந்தக் கதைகளில் சில புத்தகமாக வந்தபோது வாங்கிப் படித்தேன். கதவுக்கு வெளியே நின்ற ஆள் நான் நினைத்தவரைவிட மட்டமாகத்தான் இருந்தார்.

இது அகங்காரம் என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எழுதுகிறவர் பாதிதான் எழுதுகிறார், மீதியை வாசிக்கிறவர்தான் எழுதுகிறார் என்று முதல் வருடமே வகுப்பில் சொல்லித்தந்தார்கள். நான் அதைச் சிறு வயதிலேயே செய்துகொண்டிருந்தேன் என்று மட்டும் எண்ணிக்கொண்டேன்.

பல்கலைக்கழகத்தில் எனக்கு "ரேடியோ" என்று பெயர். என் குரல் நல்ல குரல். பாடத்தில் எந்தப் பகுதியை உரக்கப் படிக்க வேண்டியிருந்தாலும் பேராசிரியர் என்னைத்தான் எழுப்புவார். அந்தப் பெயரை வைத்தது கத்திரி. அவளுக்குக் கத்திரி என்று பெயர் வைத்தது வகுப்பு முழுவதும். யார் எதை எழுதிக்கொண்டுபோய்க் காட்டினாலும் பாதியை வெட்டிவிட்டுத்தான் திருப்பித் தருவாள். வெட்டிய பிறகு அது நன்றாகவும் இருக்கும், அதுதான் கொடுமை.

"ரேடியோன்னு ஏன்டி வெச்சே?" என்று ஒருத்தி கேட்டதற்கு, "அது தானா ஒண்ணும் பேசாது. எவரோ எங்கேயோ பேசறதைக் கொண்டுவந்து சுத்தமாக் குடுக்கும்" என்றாள் கத்திரி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நாங்கள் இருவரும் ஒரு சலவைக் கடையின் மாடியில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தோம். கீழே இஸ்திரி போடும் ஆவி ஜன்னல் வழியாக ஏறி வரும். அறையில் எந்நேரமும் வெதுவெதுப்பான துணி வாசனை இருக்கும். அவள் கட்டில் ஜன்னலோரம், என்னுடையது கதவோரம், நடுவில் சுவரோடு இருவருக்கும் பொதுவாக ஓர் அலமாரி. நான் வெறி பிடித்தவள்போலப் படிப்பேன். பஸ்ஸுக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று, வகுப்பில் மேசைக்கு அடியில் ஒன்று. அவள் ஒரே புத்தகத்தை மாதக்கணக்கில் வைத்துக்கொண்டு, கோழி மணலைக் கிளறுவதுபோலக் கிளறிக்கொண்டிருப்பாள். ஆனால் கடைசியில் அவள் ஒரு வாக்கியம் சொன்னால், நான் படித்த அத்தனையும் தண்ணீரில் எழுதினமாதிரி ஆகிவிடும்.

பொறாமை என்று எழுதிக்கொள்ள வேண்டாம். பொறாமைப்படுகிறவர்கள் எதிராளியின் பக்கத்தில் இருக்க விரும்பமாட்டார்கள். எனக்கு அவள் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். நான் எழுதியதை முதலில் அவளிடம்தான் காட்டினேன். ஒரு கதை, பதினைந்து பக்கம் இருக்கும். அவள் ஒரு வரியைக்கூட வெட்டவில்லை. திருப்பித் தந்தாள்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"அப்புறம் என்ன?"

"அதான்டி விஷயமே. செத்தவங்களுக்குப் பவுடர் போட்டு உட்கார வெச்சமாதிரி இருக்கு. கோவிச்சுக்காதே. உனக்குப் படிக்கிற வரம் இருக்கு, போதும் விடு."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. அன்று அவள் தலைவலி என்று படுத்திருந்தாள், நான்தான் டீ போட்டுக் கொடுத்தேன்.

அந்தத் தலைவலிதான் தொடக்கம். அவள் கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவள். படித்துக்கொண்டே அப்படியே தூங்கிவிடுவாள், கழற்றமாட்டாள். எத்தனையோ முறை எழுப்பிச் சொல்லியிருக்கிறேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு கருவிழியிலும் புண் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவள் அம்மா ஊரிலிருந்து பதறிக்கொண்டு வந்தார். தையல் கடை வைத்திருக்கிறவர். கல்யாணத் துணிகள் தைக்காமல் குவிந்து கிடக்கின்றன என்று அங்கிருந்து தொலைபேசி வந்துகொண்டே இருந்தது. கத்திரிக்கு அக்கா ஒருத்தி உண்டு, அவளுக்குப் புது வேலை, விடுப்பு கிடையாது. கண்ணைத் திறக்கக் கூடாது, வெளிச்சம் படக் கூடாது, பகல் முழுக்க மணிக்கொரு தரம் சொட்டு மருந்து விட வேண்டும் என்று சொல்லி, அறைக்குக் கூட்டிப்போகலாம் என்றார் கண் டாக்டர். ஊருக்குப் போனால் அடிக்கடி காட்ட வர முடியாது. அவள் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"உன்னை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன், கண்ணு. இனிமே அவளுக்கு நீதான் கண்ணு" என்றார். தான் சொன்னது அவருக்கே காதில் விழுந்து, அழுகையோடு சிரித்துவிட்டார்.

அவரைப் பார்த்தால் சொல்லுங்கள், நான் ஒரு வேளை மருந்தைக்கூடத் தவறவிட்டதில்லை. வகுப்புக்குப் போகவில்லை. ஜன்னலில் போர்வையைக் கட்டித் தொங்கவிட்டேன். கை கழுவிவிட்டு, கீழ் இமையை ஒரு விரலால் இழுத்து, ஒரு சொட்டு, மூடு, மறு கண். மருந்து பயங்கரமாக எரியும். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "எந்தப் பாவி கண்டுபிடிச்சான் இதை" என்பாள். எரிச்சல் தணியும்வரை நான் ஊதிக்கொண்டிருப்பேன்.

மூன்றாம் நாளோ என்னவோ, "ரேடியோ, போடேன்" என்றாள்.

அவள் ஆய்வுக்கு எடுத்திருந்த நாவல் அலமாரியில் இருந்தது. நூலகப் பிரதி. ஒரு படகுத்துறையைப் பற்றியது. ஓடக்காரர் ஒருவர், அவருக்கு இரண்டு மகள்கள், பெரியவள் வீட்டை விட்டுப் போய்விடுகிறாள், அப்பா அவளைப் பற்றி வாயே திறப்பதில்லை. கத்திரி அதைப் பாதி படித்திருந்தாள். நான் முதலிலிருந்து தொடங்கினேன்.

யாருக்காவது உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறீர்களா, மேடம்? வகுப்பில் படிப்பது வேறு. அங்கே கொட்டாவி விடுவார்கள். கத்திரி கேட்கிற விதமே தனி. மல்லாந்து படுத்து, கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு, பத்தி முடிகிற இடத்தில் "ம்" என்பாள். பிடித்த இடத்தில் அது கொஞ்சம் இழுபடும். பிடிக்காவிட்டால் வெட்டுப்பட்டமாதிரி இருக்கும். சில இடத்தில் வராது, அதுதான் பெரிய பாராட்டு. அவள் உம் கொட்டக் கொட்ட என் குரலே மாறிப்போனது. அதுவரை நான் படித்த புத்தகங்கள் எல்லாம் யாரும் இல்லாத வீட்டில் கதவைத் தட்டினமாதிரிதான் என்று அப்போது புரிந்தது.

இப்போது நீங்கள் "ம்" என்றீர்களா? இல்லையா. சரி. தொடர்கிறேன்.

நாவலின் நடுவில், அவள் படித்து நிறுத்தியிருந்த இடத்தைத் தாண்டி, ஒரு தாள் கிழிந்துபோயிருந்தது. யாரோ சுத்தமாக, ஓரம் தெரியாமல் கிழித்திருந்தார்கள். பெரிய மகளிடமிருந்து, வருகிறேன் என்று ஒரு சேதி வந்த இடம் அது. பக்கத்தைத் திருப்புகிறேன், அடுத்த அத்தியாயம் ஆற்றில் வெள்ளம் என்று தொடங்குகிறது. "தாள் காணோம்டி" என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தேன். அவள் கட்டிலில் கொஞ்சம் எழுந்து, சுவரில் சாய்ந்து, காத்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு என்னால் நிறுத்த முடியவில்லை. குரல் தானாகப் போய்க்கொண்டே இருந்தது.

பெரியவள் அக்கரையில் வந்து நிற்கிறாள், நனைந்த துணியோடு. அப்பா ஓடத்தைக் கொண்டுவருகிறார். அவளைத் தெரியாதவர்போல ஏற்றிக்கொள்கிறார். பாதி ஆற்றில், "யார் வீட்டுக்குப் போறீங்க?" என்று கேட்கிறார். "தெரிஞ்சவங்க வீட்டுக்கு" என்கிறாள். கரை வந்ததும், எல்லோரையும் இறக்கிவிடக் கை நீட்டுவதுபோல அவளுக்கும் கை நீட்டுகிறார். அவள் இறங்கிவிடுகிறாள். அவர் கையை விடவில்லை. அவ்வளவுதான்.

அவள் உம் கொட்டவில்லை. கண்ணாடிக்குக் கீழே கன்னம் நனைந்திருந்தது. அழக் கூடாது, புண்ணுக்கு ஆகாது என்று துடைத்துவிட்டேன்.

"இந்த இடம்தான்டி" என்றாள். "இவ்வளவு நேரமா மூச்சைப் பிடிச்சுக்கிட்டே இருந்த நாவல், இங்கதான் மூச்சு விடுது. இந்த ஆளு இப்படி எழுதுவான்னு நான் நினைக்கவே இல்ல. இன்னொரு தரம் படி."

இன்னொரு தரம் படித்தேன். வார்த்தை பிசகாமல். என் விரல் வெள்ள அத்தியாயத்தின் மேல் வரி வரியாக நகர்ந்துகொண்டிருந்தது. எதற்காக நகர்த்தினேன் என்று தெரியவில்லை, அவளால்தான் பார்க்க முடியாதே.

மறுநாள் மருந்து வாங்கப் போகிற சாக்கில் நூலகத்துக்குப் போய் இன்னொரு பிரதியைத் தேடி எடுத்தேன். கிழிந்துபோன தாளில் நாவலாசிரியர் எழுதியிருந்தது மழையைப் பற்றி, படகுக்குத் தார் பூசுவதைப் பற்றி. கடைசியில் தனியாக ஒரு வரி: அவள் வரவில்லை.

ஒரு பொய்க்கு ஒன்பது பொய் என்பார்கள். நான் அதைப் பொய் என்று சொல்லமாட்டேன், ஆனால் கணக்கு அப்படித்தான் போனது. என் நாவலில் பெரியவள் வந்துவிட்டாள். வந்தவளை எங்கே வைப்பது? வெள்ளத்தில் அவள் இருக்க வேண்டும், தங்கையின் கல்யாணப் பேச்சில் அவள் இருக்க வேண்டும், அப்பா நோயில் படுக்கும்போது கால் பிடிக்க அவள் இருக்க வேண்டும். தினம் காலையில் கத்திரி எழுவதற்கு முன் அன்றைய பகுதியை மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பேன். பிறகு புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படிப்பேன். முதலில் ஆசிரியருடையது பாதி, என்னுடையது பாதி. போகப் போக அவருடையது ஊரும் ஆறும் மட்டும்தான்.

கத்திரி என்னைத் தன் ஆய்வுக் கட்டுரையை எழுதிக்கொள்ளச் சொன்னாள். சொல்லச் சொல்ல எழுதினேன். படகுத்துறைக் காட்சிக்கு மட்டும் ஒரு முழு அத்தியாயம். அந்தக் கையை விடாத இடத்தில், எழுதியவர் தன்னை முற்றிலும் மறைத்துக்கொண்டுவிட்டார் என்றாள். என்னைப் பற்றி யாரும் அவ்வளவு அழகாகச் சொன்னதில்லை. ஒரு சொல் விடாமல் எழுதினேன்.

பிறகு ஒரு பகல், சோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டார். "நல்லா ஆறிட்டு வருது. இப்படியே போனா சீக்கிரமே உன் புத்தகத்தை நீயே படிக்கலாம்" என்றார். என்னைத் திரும்பிப் பார்த்து, "கெட்டிக்காரப் பொண்ணும்மா நீ, கூடப் பிறந்தவங்ககூட இவ்வளவு பொறுப்பாப் பார்க்கமாட்டாங்க" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தாள்.

"ரேடியோ, கண்ணைத் திறந்ததும் முதல்ல என்ன பண்ணுவேன் சொல்லு."

"உங்க அம்மா முகத்தைப் பார்ப்பே."

"அம்மா எங்க போயிடுவா. அந்தத் துறைப் பகுதியை என் கண்ணால படிக்கணும்டி. அந்த வரி எந்த இடத்துல முடியுது, பத்தி எங்க உடையுதுன்னு பார்க்கணும். உன் குரல்ல கேட்டது போதும்."

உன் குரலில் கேட்டது போதும் என்றாள். அவள் தவறாக எதுவும் சொல்லவில்லை.

அறைக்கு வந்து அவளைப் படுக்க வைத்தேன். மருந்து நேரம். குளியலறைக்குப் போய்க் கை கழுவினேன். பிறகு குப்பியின் மூடியைக் கழற்றி, மருந்தைக் கழுவு தொட்டியில் ஊற்றிவிட்டு, குழாய்த் தண்ணீரைப் பிடித்துக்கொண்டேன். வெகு நேரம் யோசித்துச் செய்ததல்ல. ஆத்திரத்தில் செய்ததுமல்ல. கீழே இஸ்திரிக்காரர் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஒரு சொட்டு, மூடு, மறு கண்.

"இன்னிக்கு எரியவே இல்லையே" என்றாள்.

"புண்ணு ஆறிட்டு வருதுல்ல, அதான்."

"ம்" என்றாள்.

கொஞ்ச நாள் தள்ளிப்போனால் போதும் என்றுதான் நினைத்தேன். நாவல் முடியட்டும், அவள் கட்டுரையைக் கொடுத்துவிடட்டும், அந்த ஆசை தணிந்துவிடும், பிறகு நல்ல மருந்தைப் போட்டுவிடலாம். தண்ணீரையும் நேரம் தவறாமல்தான் போட்டேன், மேடம். மணிக்கொரு தரம். அதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் வலி திரும்ப வந்துவிட்டது. முன்னைவிட அதிகம். டாக்டர் முகம் சுருங்கியது. சில கிருமிகள் மருந்துக்கு அடங்காது, அடங்காவிட்டால் பார்வை போய்விடும் என்றார், வேறு மருந்து எழுதினார். அது வந்தது. அதையும் அப்படியே செய்தேன். அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் என்னைக் கேட்டேன். நிறுத்தினால் புது மருந்து வேலை செய்யும். வேலை செய்தால், முதல் மருந்து ஏன் செய்யவில்லை என்று யாராவது கேட்பார்கள். கதையில் ஒரு முடிச்சைப் போட்டுவிட்டால் அதன்படிதான் மேலே போக வேண்டும்.

அவள் வலியில் முனகும்போது நான் படிப்பதை நிறுத்தவில்லை. படித்தால்தான் வலி மறக்கிறது என்று அவளே சொல்வாள். பல்லைக் கடித்துக்கொண்டு, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்பாள். பிடித்த இடம் சிவந்துபோகும். அந்த நாட்களில் நான் சொன்ன பகுதிகள்தான் எல்லாவற்றிலும் நல்லவை. ஓடக்காரர் சாகும் இடத்தில் அவள் மணிக்கட்டைப் பிடித்த பிடியைக்கூட விட்டுவிட்டாள். அப்படி ஒரு வாசகி எந்த எழுத்தாளருக்கும் கிடைத்திருக்கமாட்டாள். நான் நினைத்தேன், வாசிப்பு கண்ணில் இல்லை என்று வகுப்பில் வாதாடியவளே அவள்தானே. பார்வை போனால் அவளுக்கு என்ன போய்விடும்? நான் இருக்கிறேன். அவள் கேட்கிற எந்தப் புத்தகத்தையும் ஆயுள் முழுக்கப் படித்துக் காட்டுவேன். எத்தனை பேருக்கு அந்தக் கொடுப்பினை இருக்கிறது?

நாவலை முடித்தோம். முடித்த அன்று அவள் என் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். "நீ இல்லேன்னா நான் பைத்தியமாயிருப்பேன்டி" என்றாள்.

அந்த வாரமே அவள் அம்மா வந்துவிட்டார். மகளுடைய கண்ணைப் பார்த்ததும் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டார். கருவிழி பால் படிந்தமாதிரி வெளுத்திருந்தது. மூட்டை முடிச்சு, மருந்துப் பை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கும் அங்கிருந்து ஊருக்கும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். போகும்போதும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "உன் தலையெழுத்தா இதெல்லாம் பார்க்கணும்னு, நீயும் இளைச்சுட்டே கண்ணு" என்றார்.

அங்கே அம்மா கையால் புண் ஆறியது. ஆனால் தழும்பு நின்றுவிட்டது. வலது கண்ணில் ஒன்றும் இல்லை. இடதில் வெளிச்சமும் நிழலும் மட்டும்.

நான் அறைக்குத் திரும்பி, போர்வையை அவிழ்த்து, ஜன்னலைத் திறந்து, வேறொரு புத்தகத்தை எடுத்தேன். வெகு நாளாயிற்று எனக்கென்று படித்து. முதல் பத்தி முடிந்தது. ஜன்னலோரக் கட்டிலில் இருந்து "ம்" என்று கேட்டது.

நான் பயந்த சுபாவம் இல்லை. காதுப் பழக்கம் என்று அடுத்த பத்திக்குப் போனேன். அது முடிந்ததும் மறுபடி. இழுத்த "ம்" அல்ல, வெட்டுப்பட்ட "ம்". அடுத்த பத்தி, அடுத்தது, எல்லாம் அப்படியே. நூலகத்தில் போய் உட்கார்ந்து படித்தேன். பக்கத்து நாற்காலியில் கேட்டது. பஸ்ஸில் படித்தேன், என் தோளில் ஒரு தலையின் கனத்தோடு கேட்டது. மனத்துக்குள் படித்தாலும் என் குரல் எனக்குக் கேட்கிறது. குரல் கேட்டால் அவள் வந்துவிடுகிறாள். நல்ல புத்தகங்கள், மேடம், பெரிய பெரிய ஆட்கள் எழுதியவை. எதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. இப்போது நான் படிப்பதே இல்லை. கடைப் பலகைகளைக்கூடப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டுதான் நடக்கிறேன். படிக்காத எனக்கு ஒரு நாள் எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியாது.

அப்புறம் அவளிடமிருந்து தொலைபேசி வந்தது.

"ரேடியோ, எப்படிடி இருக்கே?"

"இருக்கேன். நீ?"

"பொழுது போகலைன்னு அக்காவைப் படிக்கச் சொன்னேன். அவ எழுத்துக் கூட்டித்தான் படிக்கறா, பாவம். நம்ம படகுத்துறை நாவலை முழுசாப் படிச்சுட்டா. ஊர் நூலகத்துப் பிரதி."

நான் தொலைபேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அக்கா படிச்சதுல பெரியவ வரவே இல்லடி."

"வேற பதிப்பா இருக்கும்" என்றேன்.

"ம்."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ரேடியோ, அது நீயா?"

உண்மையைச் சொல்வதாக உட்கார்ந்திருக்கிறேன், அதனால் இதையும் சொல்கிறேன். அந்த நேரத்தில் எனக்குப் பயமே வரவில்லை. நெஞ்சு நிறைந்துபோயிருந்தது. அவள் மேற்கொண்டு என்ன சொல்வாள் என்று தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன்.

"நல்லா இருந்துச்சுடி" என்றாள். "என்கிட்ட அன்னிக்கே சொல்லியிருக்கலாம். நான் தப்பாச் சொல்லிட்டேன்னு ஒத்துக்கிட்டிருப்பேன்."

பிறகு, அதே குரலில், எதையோ சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டாள்:

"அம்மா போட்ட மருந்து எரிஞ்சுது. நீ போட்டது ஏன்டி எரியல?"

"புண்ணு ஆறிட்டு வந்துச்சுல்ல, அதான்" என்றேன்.

"ம்" என்றாள். வைத்துவிட்டாள்.

அவள் அம்மா ஒரு வாரம் நம்பவே இல்லையாமே. அந்தப் பெண்ணையா சொல்கிறாய் என்று கத்திரியைத் திட்டினாராமே. மருந்துப் பையின் அடியில் கிடந்த குப்பியைச் சோதனைக்கு அனுப்பியதே அக்காதான் என்று நீங்கள் சொன்னீர்கள். இதோ, உங்கள் மேசைமேல் உறைக்குள் இருக்கிறது. ஆமாம், அதே குப்பிதான். அதில் இருப்பது எங்கள் அறைக் குழாய்த் தண்ணீர். ஊற்றியது நான். கிருமி அடங்காவிட்டால் பார்வை போகும் என்று எனக்குத் தெரியும், டாக்டர் என் முன்னால்தான் சொன்னார். தெரிந்துதான் ஊற்றினேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். வாசித்துப் பார்க்கச் சொல்லாதீர்கள், அது மட்டும் வேண்டாம்.

காலையில் நீங்கள் ஒரு நல்ல சேதி சொன்னீர்கள். இடது கண்ணுக்கு வேறொருவருடைய கருவிழியை வைத்துத் தைக்கப்போகிறார்கள், பார்வை ஓரளவு திரும்பலாம் என்று. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள். எனக்குச் சந்தோஷம்தான். அவள் நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர நான் எப்போது வேறு எதை நினைத்தேன்? ஒரு கவலை மட்டும் இருக்கிறது, அதை அவர்களிடம் சொல்லிவிட்டால் நல்லது. தைத்த பிறகும் மாதக்கணக்கில் சொட்டு மருந்து விட வேண்டியிருக்கும். அம்மாவுக்கு நாள் முழுக்கத் தையல், கை ஓய்ந்துபோயிருக்கும். அக்கா வேலைக்குப் போகிறவள், அவசரக்காரி. கத்திரிக்கு வேறு யார் தொட்டாலும் இமை கூசும், மேடம். அவளுக்கு என் கைதான் பழக்கம்.